365 கிலோ மீட்டர் கணக்கு

மணாலி–லே சாலையில் பழைய புல்லட்டின் மைலேஜ் குறைந்தால் நஷ்டமாவது காசு மட்டுமல்ல. நடுவழியில் பம்ப் கிடையாது.

சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகள் கலக்கும் இடம் தாண்டி. இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் உள்ள இந்தச் சிற்றூரை மோட்டார் சைக்கிள் பயணிகள் ஆற்றுச் சங்கமத்தைவிட அங்குள்ள பெட்ரோல் பம்ப்பை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அடுத்த பம்ப் 365 கிலோ மீட்டர் தூரத்தில் என்று அறிவிக்கும் பலகையின் முன்னால் நின்று படமெடுத்துக்கொள்ளாமல் யாரும் கிளம்புவதில்லை.

பலகையின் கணக்கு லே வரைக்கும். லேவுக்கு 35 கிலோ மீட்டர் முன்னால் காரூவில் ஒரு பம்ப் இருப்பதால் உண்மையான கணக்கு சுமார் 330. தாண்டியைத் தாண்டினால் அந்த 330 கிலோ மீட்டரையும் கையில் இருக்கும் பெட்ரோலிலேயே கடந்தாக வேண்டும். இடையில் 15,000 அடிக்கு மேல் நான்கு கணவாய்கள். கூடாரக் கடைகளில் நூடுல்ஸும் தேநீரும் கிடைக்கும். பாட்டிலில் பெட்ரோலும் கிடைக்கலாம். விலையும் தரமும் விற்பவர் சொல்வதுதான்.

2024 ஜூன் மாதம் மணாலியில் ஒரு தம்பதியைக் கவலையில் ஆழ்த்தியது இந்த 330தான். கணவர் புணேயில் வங்கி அதிகாரி, வயது 52. மனைவி பள்ளி ஆசிரியை. அவர்களது வண்டி 1991ஆம் ஆண்டின் என்ஃபீல்டு புல்லட், 350 சிசி. கணவரின் தந்தை ராணுவ லாரி ஓட்டுநராக லடாக்கில் பல குளிர்காலங்களைக் கழித்தவர். ஓய்வு பெற்றதும் வாங்கிய வண்டி அது. “ஒருமுறை இதிலேயே லேவுக்குப் போய்விட்டு வர வேண்டும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், போகாமலே இறந்துவிட்டார். வண்டியை ரயிலில் சண்டிகருக்கு அனுப்பி, அங்கிருந்து மகனும் மருமகளும் கிளம்பினார்கள்.

மணாலி வந்து சேர்ந்து கணக்குப் போட்டபோது லிட்டருக்கு 22 கிலோ மீட்டர் வந்தது. டேங்க் கொள்ளளவு 14.5 லிட்டர். பெருக்கினால் 319. காரூவுக்குப் பதினொரு கிலோ மீட்டர் குறைகிறது. அதுவும் சமவெளியும் மலையடிவாரமும் கலந்த சாலையில் கிடைத்த மைலேஜ். மேலே ஏற ஏற இன்னும் குறையும்.

ஹோட்டலில் தங்கியிருந்த மற்றப் பயணிகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நான்கு கேன்களில் இருபது லிட்டர் பெட்ரோலைக் கட்டிக்கொண்டு போகலாம் என்றார் ஒருவர். வண்டியை மணாலியில் விட்டுவிட்டு டாக்சியில் போகச் சொன்னார் இன்னொருவர். புணேயில் ஒரு பட்டறை ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தது: என்ஜினைப் பிரித்து, சிலிண்டரை போர் செய்து, புது பிஸ்டன் போட வேண்டும்.

பியாஸ் ஆற்றங்கரைப் பக்கம் சிறு பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் இதையெல்லாம் கேட்டுவிட்டு கிக்கரை மிதித்துப் பார்த்தார். பிறகு கையாலேயே அதை அழுத்திப் பார்த்தார். கிக்கர் எதிர்த்து நின்றது. “கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது சாப். சைலன்சரில் நீலப் புகையும் இல்லை. என்ஜினை ஏன் பிரிக்க வேண்டும்?” என்றார். கேன் யோசனையும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஓட்டைக் குடத்துக்குத் துணையாக இன்னொரு குடம் தண்ணீர் தூக்கிப் போவதா என்பது அவர் கேள்வி.

திருவொற்றியூர் வண்டி

இந்தச் சாலைக்கும் புல்லட்டுக்கும் உள்ள உறவு பழையது. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கு வண்டி தேடிய இந்திய ராணுவம், இங்கிலாந்தின் ரெட்டிச்சில் தயாரான 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் அந்த நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. திருவொற்றியூர் தொழிற்சாலையில் வண்டிகள் தயாராகத் தொடங்கின. பிற்பாடு ரெட்டிச்சில் உற்பத்தி நின்றுபோனது, திருவொற்றியூரில் நிற்கவில்லை. கடல்மட்டத்துக் கடற்கரையில் பிறந்த வண்டி 17,000 அடி உயரத்துக்குப் பழகியது இப்படித்தான்.

அந்தப் பழைய வார்ப்பிரும்பு என்ஜினில் கணினி கிடையாது, சென்சார் கிடையாது. பெட்ரோலைக் காற்றோடு கலப்பது ஒரு கார்புரேட்டர். பொறியை நேரத்துக்குத் தருவது ஒரு ஜோடி பிளாட்டினம் பாயிண்ட். குறை எங்கே என்று எந்த விளக்கும் எரிந்து காட்டாது. கண்ணும் காதும் கையும்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேட்கத் தெரிந்தவருக்கு வண்டி எதையும் மறைப்பதில்லை.

மெக்கானிக் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. “22 என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” என்று கேட்டார். டேங்க்கை விளிம்பு வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே விளிம்பு வரை நிரப்பினால் எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பார்ப்பதே சரியான அளவு. இரண்டு முறையும் வண்டி மெயின் ஸ்டாண்டில் நிற்க வேண்டும்; சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் கணக்கு தவறும். வங்கி அதிகாரி இதைச் சரியாகவே செய்திருந்தார். அவர் சரிபார்க்காமல் விட்டது மீட்டரை. குல்லுவிலிருந்து மணாலி சுமார் 40 கிலோ மீட்டர். மைல்கல் கணக்கில் 40 ஓடியபோது வண்டியின் மீட்டர் 37தான் காட்டியிருந்தது. முன்சக்கரத்திலிருந்து மீட்டருக்கு வரும் கேபிளும் பல்சக்கரமும் தேய்ந்திருந்தன. திருத்திப் போட்டால் மைலேஜ் 22 அல்ல, கிட்டத்தட்ட 24.

ஒரு ஸ்பேனரும் திருகாமல் இரண்டு கிலோ மீட்டர் லாபம். ஆனாலும் தாளில் 345 வந்தது. காரூவுக்கு மேல் வெறும் பதினைந்து கிலோ மீட்டர். மலையில் அதை நம்ப முடியாது.

அடுத்தது பாட்டில் சோதனை. டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு, 200 மில்லி பெட்ரோல் உள்ள பாட்டிலைக் கார்புரேட்டருடன் இணைத்து, குல்லு சாலையில் பாதி தூரம் போய்ப் பாதி தூரம் திரும்பி ஓட்டினார்கள். திருத்திய கணக்கில் 4.7 கிலோ மீட்டரில் வண்டி நின்றது. வேலை முடிந்த பிறகும் இதே சாலையில் இதே 200 மில்லி. அப்போதுதான் என்ன மாறியது என்பது தெரியும்.

நோட்டுப் புத்தகம்

“இந்த வண்டி கடைசியாக எப்போது 34, 35 கொடுத்தது?” என்று கேட்டார் மெக்கானிக். கணவருக்குத் தெரியவில்லை. மனைவிதான் வண்டிக் காகிதங்களோடு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருப்பதை நினைவுபடுத்தினார். மாமனார் ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டபோதும் தேதி, லிட்டர், மீட்டர் எண் என்று எழுதி வைத்திருந்தார். பக்கம் பக்கமாக 33, 34, 33. ராணுவ லாரி ஓட்டிய கையின் ஒழுங்கு. 2016இல் கையெழுத்து நடுங்கத் தொடங்குகிறது. பிறகு எதுவும் இல்லை. மகன் ஒரு வரிகூட எழுதவில்லை.

“அதன் பிறகு வண்டியில் என்னென்ன மாற்றினீர்கள்?” அடுத்த கேள்வி அதுதான். 2021இல் சத்தத்துக்காக வேறு சைலன்சர். அதற்கு ஏற்றாற்போல் என்று சொல்லி ஒரு பட்டறை கார்புரேட்டரில் பெரிய மெயின் ஜெட் போட்டது. நோய் தொடங்கிய நாள் தெரிந்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. ஆனால் மெக்கானிக் உடனே கார்புரேட்டருக்குப் போகவில்லை. காசில்லாத வேலை முதலில் என்பது அவர் முறை.

வண்டியை மெயின் ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினார். ஒரு சுற்றுக்கூட முழுதாகச் சுற்றாமல் நின்றது. டிரம்முக்குள் பிரேக் ஷூ எந்நேரமும் உரசிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்து நிறுத்தியதும் சக்கரத்தின் நடுவே தொட்டுப் பார்த்திருந்தால் சூடு சொல்லியிருக்கும். செயின் வறண்டு, இழுத்துக் கட்டிய கயிறு போல் இறுகியிருந்தது. இரண்டு பேரையும் மூட்டைகளையும் சுமக்கும் பின் டயரில் ஒற்றை ஆளுக்கான காற்று. பெட்ரோல் டேப்பின் கீழே தேநீர்க் கறை போல் ஒரு தடம். வாஷர் கசிந்து, சூட்டில் அப்போதைக்கப்போது ஆவியாகிக்கொண்டிருந்தது. சொட்டாததால் யார் கண்ணிலும் படவில்லை.

பிறகு என்ஜின். ஸ்பார்க் பிளக் கரிச்சட்டியின் அடியைப் போல் கறுத்திருந்தது. இளம் பழுப்பு நிறம் இருந்தால் கலவை சரி, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் அதிகம். ஏர் ஃபில்டரைத் தட்டியதும் புணேயின் தூசி கொட்டியது. காற்று போக வழியில்லாதபோது பெட்ரோலின் பங்கு கூடுவது இயல்பு.

சைலன்சர் குழாய் என்ஜினை விட்டு வெளியே வரும் இடத்தில் நீலம் பாரித்திருந்தது. பொறி தாமதமாக வருகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். பாயிண்ட்டின் நகரும் கையில் உள்ள ஃபைபர் துண்டு தேயத் தேய இடைவெளி குறையும்; பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். சிலிண்டருக்குள் எரிந்து முடிய வேண்டியது குழாய் வரை வந்து எரியும். பெட்ரோல் சக்கரத்தைச் சுழற்றாமல் குழாயைச் சுடவைக்கும். இடைவெளியைச் சரிசெய்து, மெல்லிய சிகரெட் தாளைப் பாயிண்ட்டுக்கு நடுவே வைத்து, தாள் விடுபடும் கணத்தைக் கொண்டு டைமிங் வைத்தார்.

டேப்பெட்டை என்ஜின் முழுவதும் ஆறிய பிறகே தொட்டார். புஷ்ராடு விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. எக்ஸாஸ்ட் பக்கம் சுழலவே இல்லை. வால்வு முழுதாக மூடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருந்தது. கிளட்ச் மட்டும் குற்றமற்றது. ஏற்றத்தில் என்ஜின் சத்தம் கூடி வண்டி வேகம் கூடாமல் இருந்தால்தான் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம்.

கடைசியில்தான் கார்புரேட்டர். பிஸ்கட் டப்பா ஒன்றில் ஜெட்களை எண்வாரியாகச் சேர்த்து வைத்திருந்த மெக்கானிக், பெரிய மெயின் ஜெட்டைக் கழற்றிவிட்டுத் தொழிற்சாலை எண்ணைப் போட்டார். சைலன்சரும் பழைய வகைக்கு மாறியது. கார்புரேட்டரின் ஊசியில் நகத்தால் தடவினால் தெரியும் அளவுக்குப் பள்ளம். முப்பது வருடம் மேலும் கீழும் உரசியதன் அடையாளம். ஊசியும் அது இறங்கும் ஜெட்டும் புதிதாகின.

ஒரு நாள் முழுவதும் தேடியும் ஒற்றைக் குற்றவாளி அகப்படவில்லை. பிரேக் கொஞ்சம், செயின் கொஞ்சம், காற்று, கசிவு, பாயிண்ட், வால்வு, ஊசி என்று சில்லறை சில்லறையாகத் திருடுபோன பெட்ரோல் அது. ஒவ்வொன்றும் தனியாக இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சேர்ந்தபோதுதான் என்ஜின் செத்துவிட்டது என்று பட்டறை தீர்ப்பளித்தது.

பெட்ரோலின் பங்கும் சிறிது உண்டு. எத்தனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. இருபது சதவீத எத்தனால் கலப்பால் பழைய வடிவமைப்பு இரு சக்கர வாகனங்களின் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. பழைய ரப்பர் வாஷர்களுக்கும் எத்தனால் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் 34 கொடுத்த வண்டி 24க்கு இறங்கியதற்கு அதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

மாலையில் மறுபடி 200 மில்லி. இம்முறை வண்டி 6.1 கிலோ மீட்டர் ஓடி நின்றது. லிட்டருக்கு 30க்குச் சற்று மேல். செலவு சைலன்சர் நீங்கலாக ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்.

மெல்லிய காற்று

மறுநாள் காலை 9.02 கிலோ மீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதை வழியாகத் தம்பதி லாஹௌல் போய்ச் சேர்ந்தார்கள். 2020 அக்டோபரில் இது திறக்கப்படும் வரை 13,000 அடி உயர ரோத்தங் கணவாயின் சேற்றில் பெட்ரோல் எரித்துத்தான் தாண்டிக்கு வர வேண்டும். தாண்டியில் டேங்க் விளிம்பு வரை நிரம்பியது. கூடவே, மெக்கானிக்கின் சம்மதத்தோடு, ஐந்து லிட்டர் கேன் ஒன்று. ஓட்டைக் குடத்துக்குத்தான் துணைக் குடம் கூடாது. நல்ல குடத்துக்கு இருக்கலாம்.

தார்ச்சாவைத் தாண்டியதும் மரங்கள் விடைபெற்றுவிடுகின்றன. 16,000 அடி உயரத்தில் பாராலாச்சா லா. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம். கார்புரேட்டருக்கு இது தெரியாது. காற்று குறையும் அளவுக்கு அது பெட்ரோலைக் குறைப்பதில்லை; கடல் மட்டத்துக்கு வைத்த கலவையில் கால் பங்குக்கு மேல் பெட்ரோல் கூடிவிடுகிறது. கரும்புகை, திணறல், மைலேஜ் வீழ்ச்சி எல்லாம் அதனால்தான். கணினி உள்ள புதிய வண்டிகள் காற்றை அளந்து தாமாகவே திருத்திக்கொள்ளும். பழைய புல்லட்டில் அந்த வேலையை மனிதன் செய்ய வேண்டும். ஊசியின் தலையில் உள்ள கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றினால் ஊசி சற்றே தாழ்ந்து பெட்ரோல் குறையும். கேலாங்கில் இரவு தங்கியபோது, சொல்லிக்கொடுத்தபடி கணவரே அதைச் செய்திருந்தார்.

மெக்கானிக் இரண்டு எச்சரிக்கைகள் தந்திருந்தார். காற்று போதவில்லை என்று ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிவது இந்தச் சாலையில் பலர் செய்யும் காரியம். உள்ளே போகும் மணல் சிலிண்டரைத் தின்றுவிடும். கீழே இறங்கியதும் கிளிப்பைப் பழைய பள்ளத்துக்கு மாற்ற மறந்தால், அடர்ந்த காற்றில் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் வெந்துபோகும்.

சர்ச்சூவின் கூடாரத்தில் இரண்டாவது இரவு. மறுநாள் காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள், நாக்கீ லா, லாச்சுங் லா. இரண்டாவது கியரில், திராட்டிலை அள்ளித் திருகாமல், வண்டி தன் போக்கில் ஏறியது. லாரிகளுக்குப் பின்னால் மணிக்கு இருபது கிலோ மீட்டர் வேகத்தில் ஊர்ந்தபோதும், அவற்றை முந்தத் துடித்து எரித்ததைவிடக் குறைவாகவே எரித்திருக்கும். பாங் தாண்டியதும் மோரே சமவெளி. 15,000 அடிக்கு மேல் சுமார் நாற்பது கிலோ மீட்டருக்குப் பலகை போட்டது போன்ற தரை. வேகமாகப் போக மனம் இழுக்கும் இடம் அது. எதிர்க்காற்றும் அங்கேதான். மூட்டையோடு வேகத்தைக் கூட்டினால் காற்றைப் பிளக்கவே பெட்ரோல் போய்விடும். மனைவி தோளைத் தட்டி ஐம்பதிலேயே வைத்திருக்கச் சொன்னார்.

17,000 அடிக்கு மேல் டக்லங் லா. உச்சியில் பிரார்த்தனைக் கொடிகள் படபடத்தன. இருவரும் அதிகம் பேசவில்லை. பேச மூச்சும் இல்லை. அதற்குப் பிறகு இறக்கம். ரும்சே, உப்ஷி, சிந்து நதி. மாலை வெயிலில் காரூ பம்ப்பில் வண்டி மெயின் ஸ்டாண்டில் ஏறியது. மீட்டரில் 308; திருத்தினால் 333. டேங்க் விளிம்பைத் தொட 11.4 லிட்டர் பிடித்தது. லிட்டருக்கு 29 கிலோ மீட்டர். ஐந்து லிட்டர் கேனின் மூடி திறக்கப்படவே இல்லை.

காசு கொடுத்ததும் கணவர் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். 2016ஆம் ஆண்டின் கடைசி வரிக்குக் கீழே ஒரு வரி விட்டு, தேதி, லிட்டர், மீட்டர் எண் என்று அதே வரிசையில் எழுதினார். ஊர்ப் பெயர் எழுதும் பழக்கம் தந்தைக்கு இல்லை. மகன் ஓரத்தில் ‘காரூ’ என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.